வேப் காயிலுக்குக் கம்பி எது, வாட் எத்தனை?

கேள்வி: பதினொரு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். இப்போது சிகரெட்டைத் தொடுவதில்லை, வேப் எனும் மின் சிகரெட் மட்டும்தான். அதன் திரவத்தை (லிக்விடை) ஆவியாக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, நானே சுற்றிக்கொள்கிறேன். 26 கேஜ் கான்தல் கம்பி, 3 மி.மீ. உள்விட்டம், ஏழு சுற்று. மாட் எனும் பட்டன் பெட்டியில் இரண்டு பேட்டரி, 60 வாட்டில் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக இழுக்கும்போது கருகல் வாடை வருகிறது, தொண்டையும் எரிகிறது. ஒரு நண்பர் நிக்கல்-80 கம்பிக்கு மாறச் சொல்கிறார். இன்னொருவர், டைட்டானியம்தான் மருத்துவத் தரம், எலும்புக்குள்ளேயே வைக்கிறார்கள் என்கிறார். கான்தல் 1400 டிகிரி வரை தாங்கும் என்று கம்பிச் சுருளின் அட்டையில் போட்டிருக்கிறது. அப்படியானால் 60 வாட் அதை ஒன்றும் செய்யாதுதானே? இன்னொன்று: பெல்ட் பக்கிள், கைக்கடிகாரத்தின் பின்பக்கம் எல்லாம் பட்டால் எனக்குத் தோல் தடித்து அரிக்கும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? டெம்பரேச்சர் கன்ட்ரோல் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீருமா?

பதில்: வணக்கம் நண்பரே. இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வாட்டை முதலில் 60லிருந்து 20க்கு இறக்குங்கள். டேங்கில், அதாவது லிக்விட் நிற்கும் கலத்தில், காயிலுக்குள் இருக்கும் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு வையுங்கள். ஒருமுறை கருகிய பஞ்சை எவ்வளவு நனைத்தாலும் கருகிய இடம் கருகியதுதான், அது லிக்விடைச் சரியாக உறிஞ்சாது. உங்கள் தொண்டை எரிவதற்குக் காரணம் நீங்கள் வைத்திருக்கும் வாட். கம்பியின் மேல் பழியைப் போட்டுக் கம்பியை மட்டும் மாற்றினால் இதே கருகல் புதுக் கம்பியிலும் வரும்.

வெப்பம் தரும் உலோகக் கம்பிகளோடு வேலை செய்கிற பொறியாளர் நான். மருத்துவர் அல்ல. அதனால் கம்பி, மின்சாரம், வெப்பம் இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுகிறேன். உங்கள் நுரையீரலைப் பற்றி உங்களைப் பரிசோதிக்கிற மருத்துவர்தான் பேச வேண்டும்.

அட்டையில் இருக்கும் அந்த 1400 டிகிரியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பலரையும் ஏமாற்றுகிற எண் அது. கான்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த உலோகக் கலவை. ஏ1 ரகத்தில் ஏறக்குறைய 22 சதவீதம் குரோமியம், 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக அலுமினியம், மிச்சம் இரும்பு. சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ 1920களில் உருவாக்கியது, தொழிற்சாலை உலைகளுக்கும் மின் அடுப்புகளுக்கும் பேர்போனது. சூடாகும்போது அதன் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. உலைக்கான கம்பியில் இந்தப் படலத்தை முறையாக வளர்க்க 1050 டிகிரியில் ஏழு முதல் பத்து மணி நேரம் வைப்பார்கள். அப்படிப் பக்குவப்பட்ட கம்பி, வறண்ட காற்றில், அறுந்துபோகாமல் எவ்வளவு வெப்பம் வரை உழைக்கும் என்பதைத்தான் 1400 என்ற எண் சொல்கிறது. நீங்கள் சுற்றிய காயில் அந்தப் பக்குவத்தைக் கண்டதே இல்லை. அது இனிப்பும் அமிலமும் கலந்த திரவத்தில் ஊறிக் கிடக்கிறது. அதைவிட முக்கியமாக, 1400 டிகிரிக்கு வெகு முன்பே, கம்பிக்கு ஒரு கீறலும் விழாத வெப்பத்திலேயே, லிக்விடும் பஞ்சும் சிதைந்துவிடும். நீங்கள் உள்ளே இழுப்பது அந்தச் சிதைவைத்தான்.

லிக்விடில் பெரும்பகுதி இரண்டு பொருள்கள்தான். புரொப்பிலீன் கிளைகால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில் கொதிக்கும். இரண்டும் கலந்திருந்தால் கொதிநிலை நடுவில் எங்கோ இருக்கும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், தண்ணீர் வற்றிய நிமிடத்திலிருந்து பாத்திரம் பழுக்கத் தொடங்கும். காயிலிலும் அதேதான் நடக்கிறது. கம்பியைச் சுற்றி ஈரம் இருக்கும்வரை நீங்கள் தரும் மின்சாரம் முழுக்க லிக்விடை ஆவியாக்கச் செலவாகிறது, கம்பியின் வெப்பமும் கொதிநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆவியாகும் வேகத்துக்குப் பஞ்சால் லிக்விடைக் கொண்டுவர முடியவில்லை என்றால் கம்பியின் ஒரு பகுதி காய்கிறது, அங்கே வெப்பம் ஒரே நொடியில் பல நூறு டிகிரி எகிறுகிறது. அப்போது கிளிசரின் உடைந்து அக்ரோலின் ஆகிறது. சமையல் எண்ணெய் புகையும்போது கண்ணை எரிக்கிற அதே பொருள். கூடவே ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் வருகின்றன. பஞ்சும் தன் பங்குக்குக் கருகுகிறது. தொண்டை எரிச்சல் என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இது பற்றி 2015இல் ஒரு பெரிய விவாதமே நடந்தது. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கருவியை 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இயக்கிப் பார்த்தார்கள். குறைந்த வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் நிறைய வந்தன. அதே ஆண்டு கிரேக்க இதயநோய் மருத்துவர் கான்ஸ்டன்டினோஸ் ஃபர்சலினோஸ் குழுவினர், அனுபவமுள்ள வேப் பயனர்களைக் கொண்டே சோதித்து, கருகல் சுவை வரும் நிலையில்தான் ஆல்டிஹைடுகள் எக்கச்சக்கமாக உயர்கின்றன, யாரும் அந்த நிலையில் தொடர்ந்து இழுக்க மாட்டார்கள் என்று பதில் சொன்னார்கள். இரண்டையும் எதிரெதிராக வைத்து அன்று பேசினார்கள். ஆனால் என் போன்ற ஒருவரின் கண்ணுக்கு இரண்டு ஆய்வும் ஒரே விஷயத்தைத்தான் காட்டுகின்றன: காயில் காயும்போது விஷம் ஏறுகிறது. ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், கருகல் சுவை எப்போதும் நம்மைக் காப்பாற்றும் என்பதை. இனிப்பும் மெந்தாலும் தூக்கலான லிக்விடில் லேசான கருகல் தெரியாமலே போகலாம், நாக்கும் பழகிவிடும். “கொஞ்ச நாளாக” என்று நீங்கள் எழுதியிருப்பதே அதற்குச் சாட்சி. கருகலோடு சில நாள் இழுத்திருக்கிறீர்கள்.

சரி, 60 வாட் உங்கள் காயிலுக்கு ஏன் அதிகம் என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 26 கேஜ் கம்பியின் விட்டம் 0.4 மி.மீ. சொச்சம். 3 மி.மீ. உள்விட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10.7 மி.மீ. கம்பி வேண்டும். ஏழு சுற்றுக்கு 75, திருகில் மாட்டும் கால்களுக்கு 10, மொத்தம் 85 மி.மீ. என்று வையுங்கள். மின்தடை 0.95 ஓம் பக்கம் வரும். உங்கள் மாட் காட்டும் எண்ணும் அதை ஒட்டியே இருக்கும், பாருங்கள். இப்போது 3.14ஐக் கம்பியின் விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்கினால் கம்பியின் மேற்பரப்பு கிடைக்கும்: சுமார் 107 சதுர மி.மீ. 60 வாட்டை 107ஆல் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 0.56 வாட். 20 வாட் என்றால் 0.19.

நான் பார்க்கச் சொல்வது இந்தக் கடைசி எண்ணைத்தான். பஞ்சு வைத்த சாதாரண டேங்கில் சதுர மி.மீ.க்கு 0.15 முதல் 0.2 வாட் வரை என்றால் ஈரம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். காற்று நன்றாக ஓடுகிற அமைப்பாக இருந்தால் 0.25 வரை போகலாம். 0.3ஐத் தாண்டி யாராவது வைத்திருந்தால், பஞ்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. நீங்கள் அதையும் விட இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வாட்டை மூன்று மடங்காக்கினால் பஞ்சும் அதே நொடியில் மூன்று மடங்கு லிக்விடைக் கொண்டுவந்தாக வேண்டும், ஆனால் பஞ்சு உறிஞ்சும் வேகம் உங்கள் பட்டனுக்குக் கட்டுப்பட்டது அல்ல.

“60 வாட் பாதுகாப்பா, 20 வாட் பாதுகாப்பா” என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது என்பதும் இதிலிருந்தே புரியும். இரண்டு காயில் மாட்டியிருந்தால் வாட் இரண்டுக்கும் பிரிந்துபோகும். வலைக் காயில், அதாவது மெஷ், மேற்பரப்பு அதிகமுள்ளது, அதிக வாட் தாங்கும். ஒரு தடித்த கம்பியின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிய கிளாப்டன் வகைகளில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அங்கே மின்சாரம் பெரும்பாலும் உள்கம்பி வழியாகவே போகிறது, வெளிச்சுற்று மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுகிறது. பட்டனை விட்ட பிறகும் அது பஞ்சைச் சுட்டுக்கொண்டிருக்கும். கடையில் வாங்கும் தயார் காயில் என்றால் அதன் மேலேயே வாட் எல்லை அச்சிட்டிருக்கும். அந்த எல்லையின் கீழ் எண்ணில் தொடங்குங்கள். மேல் எண் என்பது போய்ச் சேர வேண்டிய இடம் அல்ல.

இப்போது கம்பிகளுக்கு வருவோம். உங்கள் தோல் தடிப்பைப் பற்றி ஏதோ கடைசியில் நினைவு வந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரியாகத் தெரிந்தது. பக்கிளும் கடிகாரமும் பட்டால் அரிப்பது நிக்கல் ஒவ்வாமையின் வழக்கமான அடையாளம். தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார். அது உறுதியாகும் வரை உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்ன நிக்கல்-80 கம்பியில் 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற நைக்ரோம்தான் அது, நூற்றாண்டு கடந்து உழைக்கிற அருமையான கம்பி, டோஸ்டருக்குள் இருப்பதும் இந்தக் குடும்பம்தான். சீக்கிரம் சூடாகும், சுவை நன்றாக இருக்கும் என்று பலருக்கும் பிடிக்கும். உங்களுக்கு வேண்டாம். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் அதை நான் முதல் தேர்வாகச் சொல்வதில்லை. நிக்கல் சேர்மங்களையும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது, இரண்டும் மூச்சு வழியே போகும்போதுதான் கவலை அதிகம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காயிலிலிருந்து நிக்கல்-குரோமியம் காயிலுக்கு மாறி, 70 வாட் அளவில் அதிகத் திறனில் இயக்கியபோது எலிகளின் நுரையீரலில் கடும் பாதிப்பு வந்ததை அவர்கள் கண்டார்கள். எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிக்கல் அதிகமுள்ள கம்பியையும் உயர்ந்த வாட்டையும் ஒன்றாகச் சேர்க்காமல் இருக்க எனக்கு அந்த ஆய்வு போதும்.

டைட்டானியம் பற்றி உங்கள் இன்னொரு நண்பர் சொன்னது பாதி உண்மை. எலும்பில் வைக்கும் டைட்டானியம் 37 டிகிரியில், அசையாமல், சூடே காணாமல் இருக்கிறது. காயிலில் நடப்பது வேறு. டைட்டானியத்தை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மேலே வெண்மையான ஆக்சைடு தூள் படியத் தொடங்கும், அது உதிரக்கூடியது. மெல்லிய டைட்டானியம் கம்பி அதிகம் சூடானால் பளீரென்று எரியவும் செய்யும். அதனால் அதை டெம்பரேச்சர் கன்ட்ரோலில் மட்டும்தான் பயன்படுத்தலாம், வெறுமனே சிவக்க வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. டைட்டானியத்தில் நிக்கல் இல்லை என்பது உங்களுக்குச் சாதகம்தான். ஆனாலும் 60 வாட்டில் கருகலோடு பழகிய கைக்கு, ஒரு தவறைக்கூட மன்னிக்காத அந்தக் கம்பியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. நிக்கல்-200 என்று விற்கிற சுத்த நிக்கல் கம்பிக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. உங்கள் விஷயத்தில் அதைப் பேசவே வேண்டாம்.

மற்றவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316எல். வாட் முறையிலும் ஓடும், டெம்பரேச்சர் கன்ட்ரோலிலும் ஓடும், துரு அரிப்பைத் தாங்கும். ஆனால் அதிலும் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. எனவே உங்களுக்கு நான் சொல்வது இப்போது கையில் இருக்கும் கான்தலையே தொடருங்கள் என்பதுதான். அதில் நிக்கல் சேர்க்கப்படுவதில்லை. டெம்பரேச்சர் கன்ட்ரோல் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 430 என்று ஒரு ரகம் இருக்கிறது. இரும்பும் 16 முதல் 18 சதவீதம் குரோமியமும் சேர்ந்தது, கலவையில் நிக்கல் சேர்ப்பதில்லை. 316எல் அளவுக்குத் துரு அரிப்பைத் தாங்காது, அதனால் காயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். பரவாயில்லை, கம்பி மலிவான பொருள்தான்.

எந்தக் கம்பியானாலும் உற்பத்தியாளர் பெயரும் ரகமும் அச்சிட்ட சுருளாகவே வாங்குங்கள். பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்தது, துத்தநாகம் பூசியது, ரகம் தெரியாதது எதுவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு சிறு காந்தம் உதவும்: கான்தலும் 430உம் காந்தத்தில் ஒட்டும், நிக்கல்-80உம் டைட்டானியமும் ஒட்டாது, 316எல் பெரும்பாலும் ஒட்டாது. கான்தல் என்று விற்ற சுருள் காந்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் அது கான்தல் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆவியில் வருகிற உலோகம் எல்லாம் காயில் கம்பியிலிருந்தே வருவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 56 பேர் தினமும் பயன்படுத்திய கருவிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஆவியில் நிக்கல், குரோமியம், மாங்கனீஸ், ஈயம், துத்தநாகம் எல்லாம் இருந்தன. புட்டியில் இருந்த லிக்விடைவிட, காயிலைக் கடந்து வந்ததில் உலோகம் அதிகம். ஈயம் எந்தக் காயில் கம்பியின் கலவையிலும் சேர்க்கப்படுகிற பொருள் இல்லை. பற்றவைத்த இணைப்புகள், கடைசலுக்கு எளிதாக ஈயம் கலந்த பித்தளைப் பாகங்கள் போன்றவற்றைத்தான் நான் சந்தேகிப்பேன். உங்கள் டேங்கின் அடித்தட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, முலாம் பூசிய பித்தளையா என்று பாருங்கள். முலாம் உரிந்து மஞ்சள் தெரிந்தால் அந்த டேங்கை ஒதுக்கிவிடுங்கள். திருகுகளையும் பாருங்கள், உங்கள் உதடு தொடும் முனையின் பூச்சையும் பாருங்கள். பூச்சில் நிக்கல் இருந்தால் உதட்டிலேயே அரிப்பு தொடங்கலாம். பிளாஸ்டிக் முனைக்கு மாறுவது உங்களுக்கு நல்லது.

டெம்பரேச்சர் கன்ட்ரோல் நல்ல வசதி, ஆனால் அது ஒரு கணக்கைத்தான் போடுகிறது, வெப்பமானி எதுவும் உள்ளே இல்லை. சில உலோகங்கள் சூடாகச் சூடாக மின்தடை ஏறும். எவ்வளவு ஏறியது என்று பார்த்து இவ்வளவு சூடு இருக்கும் என்று மாட் ஊகித்து மின்சாரத்தைக் குறைக்கிறது. கான்தலில் இந்த ஏற்றம் அநேகமாக இல்லை, 1000 டிகிரிக்குப் போனாலும் நான்கு சதவீதம்தான். ஆகவே கான்தலில் டெம்பரேச்சர் கன்ட்ரோல் வேலை செய்யாது, மெனுவில் தேர்ந்தெடுத்தாலும் அது பேருக்குத்தான். சுத்த நிக்கலில் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 சதவீதம் ஏறும், 316எல்லில் 0.09 சதவீதம் அளவில்தான் ஏறும். ஸ்டீல் கம்பியை மாட்டிவிட்டு மெனுவில் நிக்கல் என்று வைத்தால் என்ன ஆகும்? மின்தடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறட்டும் என்று மாட் காத்துக்கொண்டே இருக்கும், அது ஏறவே ஏறாது. கட்டுப்பாடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நீங்கள் கட்டுப்பாடே இல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. காயில் சூடாக இருக்கும்போதே டேங்கைக் கழற்றி மாட்டி, “புதுக் காயிலா” என்று மாட் கேட்டதும் ஆமாம் என்று அழுத்திவிடுவார்கள். 20 டிகிரியில் 0.5 ஓம் இருக்கும் 316எல் காயில் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது அப்படி அழுத்தினால், மாட் அந்தக் கூடுதல் மின்தடையையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் 220 டிகிரி என்று வைத்தால் கம்பி உண்மையில் 290 டிகிரி வரை போகும். எனவே காயில் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே மின்தடையைப் பதியவிட வேண்டும். 430 கம்பி என்றால் சுருளின் அட்டையில் இருக்கும் டி.சி.ஆர். எண்ணை (ஒவ்வொரு டிகிரிக்கும் மின்தடை எவ்வளவு ஏறும் என்பது) மாட்டில் கையால் உள்ளிடுங்கள். வெப்பத்தை 200 டிகிரியில் தொடங்கி, 220ஐத் தாண்டாமல் வையுங்கள். திருகுகள் இறுக்கமாக இருக்கட்டும், தளர்ந்த திருகு மின்தடையை ஆடவிட்டு மாட்டைக் குழப்பும். இன்னும் ஒன்று, மாட் பார்ப்பது கம்பி முழுவதின் சராசரி. ஏழு சுற்றில் ஒரு சுற்று மட்டும் காய்ந்து பழுத்தாலும் சராசரி அழகாகவே தெரியும். பஞ்சைச் சரியாக வைக்கிற வேலையிலிருந்து டெம்பரேச்சர் கன்ட்ரோல் உங்களுக்கு விடுதலை தராது.

பஞ்சு காயிலுக்குள் இழுக்கும்போது லேசான பிடிப்போடு நகர வேண்டும். கம்பி வளைகிற அளவுக்கு இறுக்கினால் லிக்விட் ஏறாது, தொளதொளவென்று இருந்தால் கம்பியைத் தொடாத இடங்கள் காயும். காயிலுக்கு வெளியே தொங்கும் பஞ்சு வாலை அடர்த்தியாகத் திணித்து லிக்விட் வரும் துளையை அடைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த கருகல்களில் பெரும்பகுதி இந்தத் துளையில்தான் தொடங்குகிறது. புதுப் பஞ்சை லிக்விடால் நன்றாக நனைத்து, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் பட்டனைத் தொடுங்கள். உங்கள் லிக்விடில் கிளிசரின் 70 சதவீதத்துக்கு மேல் என்றால் அது கெட்டியாக, மெதுவாகத்தான் ஏறும், இழுப்புகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி கொடுங்கள். இரண்டு மூன்று நொடி இழுப்பு, பிறகு அரை நிமிடமாவது ஓய்வு. ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டே போனால் 20 வாட்டிலும் காயில் காயும். இனிப்பு லிக்விடில் இருக்கும் சுக்ரலோஸ் கம்பியில் கரும்பொருக்காகப் படியும். அந்தப் பொருக்கின் அடியில் கம்பி தன்னிச்சைக்குச் சூடாகும். அப்படிப்பட்ட லிக்விட் என்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது பஞ்சை மாற்றுங்கள், கம்பியைப் பாருங்கள். எண்ணெய் கலந்த எதையும் டேங்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். 2019இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியவர்களுக்கு வந்த கடும் நுரையீரல் பாதிப்பில் 68 பேர் இறந்தார்கள், கஞ்சாச் சத்து சேர்த்த லிக்விடில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளோடு அது வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது.

புதுக் காயிலைச் சிவக்க வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும். கான்தலில் குறைந்த வாட்டில், 10 முதல் 15க்குள், ஒரு நொடி ஒரு நொடியாகத் தட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மங்கலாகச் சிவக்கிறதா என்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏதோ ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் சுற்றுகளைச் சீராக்குங்கள். மஞ்சளாக ஒளிரும்வரை எரிப்பது, பழைய பொருக்கை எரித்தே சுத்தம் செய்வது, பழுத்த காயிலைத் தண்ணீரில் தோய்ப்பது, இவை மூன்றும் வேண்டாம். படலம் வெடிப்பதும் உதிர்வதும் அப்போதுதான். சரிபார்த்த காயிலை ஆறவிட்டுத் தண்ணீரில் அலசி, பிறகு பஞ்சு வையுங்கள்.

நீங்கள் கேட்காத பேட்டரியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்பியை மாற்றும்போது மின்தடையும் மாறுகிறது. உங்கள் காயிலையே அதே அளவில் 316எல்லில் சுற்றினால் 0.5 ஓம் அளவுக்கு வரும், 430இல் இன்னும் குறையும். உங்கள் மாட் வாட்டைத் தானே கட்டுப்படுத்துவது என்பதால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத மெக்கானிக்கல் மாட்டில் அதே காயிலை மாட்டினால் கதை வேறு. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், 35 வாட். 0.1 ஓமுக்குச் சுற்றியிருந்தால் 42 ஆம்பியர். அந்த மின்னோட்டத்தைத் தொடர்ந்து தர 18650 என்ற உருளை ரகப் பேட்டரி எதனாலும் முடியாது. நல்லவை 20 முதல் 25 ஆம்பியர் வரை போகும், அட்டையில் 40 என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். உங்கள் இரண்டு பேட்டரியும் ஒன்றாக வாங்கி ஒன்றாகவே பயன்படுத்துகிற ஜோடியாக இருக்க வேண்டும். மேலுறை கிழிந்திருந்தால் புது உறை போடாமல் பயன்படுத்த வேண்டாம். சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு தனிப் பேட்டரியைப் போடாதீர்கள், அதற்கென்று பிளாஸ்டிக் உறை உண்டு.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் உங்கள் நுரையீரலுக்குள் போவது சுத்தமான காற்று இல்லை என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பதினொரு வருடப் பழக்கத்தை விட்டது சின்ன விஷயமல்ல, அதை மதிக்கிறேன். மறுபடி சிகரெட்டுக்குப் போக வேண்டாம். அதே சமயம் நிகோடின் அளவைப் படிப்படியாகக் குறைத்து இதையும் விட்டுவிடும் நாளை மருத்துவரோடு பேசித் திட்டமிடுங்கள். வாட்டைக் குறைத்ததும் முன்பைவிட ஆவி குறையும். அதை ஈடுகட்ட நீளநீளமாக இழுக்கத் தோன்றும். அப்படி ஆகிறதென்றால் மறுபடி வாட்டை ஏற்றுவதைவிட, உள்ளே காற்று போகும் துளையைக் கொஞ்சம் குறுக்கிப் பாருங்கள், நிறைவு கிடைக்கும்.

தொண்டை எரிச்சல் புதுப் பஞ்சு, 20 வாட் வைத்த ஒரு வாரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், அல்லது இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம், காய்ச்சல், உதட்டைச் சுற்றித் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் வேப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் அன்றே போங்கள். எந்தக் கம்பி, எத்தனை வாட், எந்த லிக்விட் என்று இங்கே எனக்கு எழுதியதுபோலவே அவரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கருகிய பஞ்சையும் பழைய காயிலையும் ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.